நெல்லறை விடுதி

காலை ஐந்து மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு நெல் மூட்டை. அது கட்டிலில் படுத்திருந்தது. முக்கால் உடம்புக்குப் போர்வை போர்த்தி, தலைப்பக்கம் ஒரு தலையணையும் கொடுத்திருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடுவில் ஒரு தேங்காய்நார்க் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மூட்டை. இந்தப் பக்கம் என் தோழி உட்கார்ந்து சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதடி," என்றாள். "அது திருநெல்வேலிப் பொண்ணு. ராத்திரி பூரா கொறட்ட. இப்பதான் கண்ணசந்துது."

இடம், வில்லியனூரில் அவர்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த நெல் அறை. காலம், முப்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதக் கடைசி. புதுச்சேரியில் கிறித்தவக் கன்னிமார் நடத்திய பள்ளியில் நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்து மெட்ரிகுலேஷன் தேறியிருந்தோம். ஊரிலிருந்து சென்னைக்குப் போய்ப் பல்கலைக்கழகப் படிப்பில் சேர இருந்த பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பெண்கள் விடுதியிலிருந்து இருவருக்கும் கடிதம் வந்துவிட்டது. என் கடிதத்தில் கட்டில் எண் போட்டிருந்தது. அவள் கடிதத்தில் எண் இல்லை. அவள் அப்பா சம்மதிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டதால் அவள் விண்ணப்பம் பிந்திப் போயிருந்தது. சேரும் நாளன்று மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்தால், கட்டில் மீதி இருந்தால், கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

அவள் அப்பா வில்லியனூரில் நெல்லும் கரும்பும் பயிரிட்டவர். அதிகம் பேசமாட்டார். அந்தக் கடிதத்தை நான் படித்துச் சொன்னதும் தன் நிபந்தனையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"விடுதியில எடம் கெடச்சா படிக்கட்டும். சொந்தக்காரன் வூட்டுல தங்கறது, வாடகை வூட்டுல தங்கறது, அதெல்லாம் ஆவாது. எடம் இல்லன்னா அப்படியே ரயிலேறி வந்துடணும். மடுகரைக்காரங்க ஆறு மாசமா கேட்டுக்கினு இருக்காங்க. அவங்களுக்குச் சரின்னு சொல்லிடுவேன்."

மடுகரைக்காரர்கள் என்றால் மாப்பிள்ளை வீட்டார். ஆக அவளுக்கு அந்த வருடம் இரண்டில் ஒன்றுதான். விடுதியில் ஒரு கட்டில், அல்லது மடுகரை.

வேறு பெண்ணாக இருந்தால் வேண்டுதல் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். இவள் நெல் அறையை ஒழித்தாள்.

அவளுக்கு எந்தக் காரியத்தையும் முதல் முறையாகச் செய்யப் பிடிக்காது. நான் அவளை அறிந்த ஒன்பது வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூட நாடகத்தில் பிணமாக நடிக்க வேண்டியவள் ஒரு வாரம் வீட்டில் அசையாமல் படுத்துப் பழகியதில் அவள் அம்மா இரண்டு தடவை அலறிவிட்டாள். "மொத தடவைன்னு ஒண்ணு எல்லாத்துக்கும் வரும். அத வூட்டுலயே முடிச்சுட்டுப் போயிடணும்," என்பாள். இதை அவள் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. பல் துலக்கிவிட்டு வெளியே போகவேண்டும் என்று சொல்கிற தொனியில் சொன்னாள்.

அப்பாவிடம் படிப்புக்கு அனுமதி கேட்டதுகூட அந்த முறையில்தான். நான் உடன் இருந்தேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நைனா, நாளைக்கு உன்கிட்ட ஒண்ணு கேக்கப் போறேன்," என்றாள். "இன்னிக்கு ஒத்திகை. கோவப்படறதுன்னா இன்னிக்கே பட்டுடு."

"இன்னாடி கேக்கப் போற?"

"பட்டணத்துக்குப் போயி படிக்கணும்னு."

அவர் கோபப்பட்டார். தண்ணீர்ச் செம்பு முற்றத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதே தப்பு என்றார். என்னையும் சேர்த்துத் திட்டினார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். மறுநாள் அதே நேரத்துக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டபோது அவரிடம் சொல்ல மிச்சம் ஒன்றும் இல்லை. "யோசிக்கிறேன் போ," என்றார். அந்த யோசனைக்குத்தான் இரண்டு வாரம் ஆயிற்று.

விடுதி விதிகள் அச்சடித்த ஒரு சிறு புத்தகமாக வந்திருந்தன. இங்கிலீஷில் இருந்த அதை அவள் எழுத்து விடாமல் மனப்பாடம் செய்தாள். ஓர் அறையில் இரண்டு பெண்கள், கட்டிலின் அகலம் இரண்டரை அடி, காலை ஐந்து மணிக்கு எழும் மணி, சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும், ஒன்பது மணிக்கு விளக்கு அணையும், பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும், எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் சனிக்கிழமை. இத்தனையும் நெல் அறைக்கு வந்தன. வீட்டுக் கட்டில் ஐந்தடி அகலம். அதனால்தான் நடுவில் கயிறு. மற்ற பாதிக்கு ஆள் வேண்டுமே என்று மூட்டை.

மணி அடிக்க ஒரு துண்டுத் தண்டவாளத்தைக் கொல்லைப் பூவரச மரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். அடிப்பது அவள் தங்கை. என் பங்கு அலாரம் கடிகாரம். என் அப்பா ஜவுளிக் கடை வைத்திருந்தார், கடிகாரம் எங்கள் வீட்டில்தான் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தால் அவள் செய்துகொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டுத் தட்டும் டம்ளருமாகக் கிளம்புவாள். முதல் வாரம் யோசித்துக் கிளம்பினாள். மூன்றாவது வாரம் யோசிக்காமலே கிளம்பினாள். ஒரு நாள் மத்தியானம் கொல்லர் தெருவில் யாரோ வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டை அடித்த சத்தத்துக்கு, என்னோடு பேசிக்கொண்டிருந்தவள், பாதி வாக்கியத்தில் எழுந்து கொல்லைச் சமையல் கொட்டகை வாசலில் போய் நின்றாள்.

விடுதிக்குக் கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியலும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. மெத்தை, தலையணை, இரண்டு போர்வை, எனாமல் தட்டு, டம்ளர், வாளி, சோப்புப் பெட்டி. பட்டியலில் ஒன்று குறைந்தாலும் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எல்லாவற்றையும் முதல் வாரமே வாங்கிப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் வாங்கினார்கள். என் அப்பா எனக்கு வாங்கியவை கடைப் பலகையில் காகிதம் பிரிக்காமல் இருந்தன.

நெல் அறையிலிருந்து அவள் அம்மாவுக்குக் கடிதமும் எழுதினாள். வில்லியனூர்த் தபாலாபீசில் பிரெஞ்சுத் தபால்தலை ஒட்டிப் போட்ட கடிதம், மறுநாள் தபால்காரர் கையில் வில்லியனூருக்கே வந்தது. அவர் திண்டாடிப் போனார்.

"அம்மா, இது உங்க பொண்ணு எழுத்துதானே? ஊருக்குப் போயிடுச்சா?"

"போயிடுச்சுப்பா. தோ, கொல்லையில இருக்குது," என்றாள் அம்மா.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தங்கை உரக்கப் படித்தாள். அன்புள்ள அம்மாவுக்கு, இங்கே நான் சுகம், அங்கே அனைவரும் சுகமா, சாப்பாடு பரவாயில்லை, உப்புக் கொஞ்சம் தூக்கல். அம்மா கிணற்றடிக்குப் போய் நெல் அறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "சுகம்தான்டி! உப்பு தூக்கலுன்னா வந்து நீயே ஆக்கித் தின்னு!"

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் இல்லை. கடிதத்துக்குப் பதில் கடிதத்தில்தான் வர வேண்டும் என்பது அவள் கட்சி.

அழுவதற்கு ஒரு புதன்கிழமையை ஒதுக்கினாள். வீட்டை விட்டுப் போனால் முதல் வாரம் அழுகை வரும் என்று கன்னிமார் சொல்லியிருந்தார்கள். மாலை நான்கு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. பதினொன்றாவது நிமிடம் ஆரம்பித்தாள். அது நடிப்பில்லை. கால் மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "ஆச்சு. இனிமே அதுக்கு வேல இல்ல," என்றாள்.

வார்டன் வேலைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அம்மாவுக்குக் கண்டிப்பு வராது. நான் சிரித்துவிடுவேன். ஒரு நாள் சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்து, கேலி செய்யலாம் என்றுதான் நெல் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"யார் யார் உள்ள?" என்றார்.

"ரெண்டு பேர் ஆஜர்," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

"ரெண்டாவது யாரு?"

"திருநெல்வேலி. ஒடம்பு சரியில்ல, பேசாது."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். மறுநாளும் வந்தார். ஒரு வாரத்தில் வயல் வேலையை முன்னதாகவே முடித்துக்கொண்டு ஆறு மணிக்கு நாற்காலிக்கு வந்துவிடும் அளவுக்கு ஆகிவிட்டது. விதிகளை என்னைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். ஒரு வியாழக்கிழமை அம்மா ஜன்னல் வழியாக முறுக்குக் கொடுத்தபோது பின்னால் நின்று பிடித்துவிட்டார்.

"பாக்க வர்றவங்க ஞாயித்துக்கெழமதான்," என்றார்.

"நான் அவளப் பெத்தவய்யா!"

"பெத்தவளுக்கும் ஞாயித்துக்கெழமதான். இன்னா நெனச்சுக்கினு இருக்க, இது வூடா?"

கிளம்பும் நாள் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு வில்லியனூர் ஸ்டேஷனில், புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் வண்டியைப் பிடித்தோம். அவள், நான், இருவருக்கும் துணையாக அவள் அப்பா. கணக்கு எளிது. விழுப்புரத்தில் சென்னை வண்டிக்கு மாறினால் பிற்பகல் இரண்டு மணிக்கு எழும்பூர். ஐந்து மணிக்கு முன் விடுதிக்குப் போய்ச் சேர நேரம் தாராளம். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கரும்பு வயல்களைப் பார்த்துக்கொண்டே காலால் தாளம் போட்டாள். நான் அதுவரை அவளிடம் பார்க்காத பழக்கம் அது.

பிரெஞ்சு எல்லை தாண்டியதும் முதல் பிரிட்டிஷ் ஸ்டேஷன். அங்கே வண்டி நிற்கும். எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கிச் சுங்கச் சோதனைக்கு நிற்க வேண்டும். புதுச்சேரியில் சாமான் மலிவு, எல்லை தாண்டினால் தீர்வை. உடுத்திப் பழகிய சொந்தச் சாமானுக்கு மட்டும் தீர்வை இல்லை. இதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் புடவை வாங்கினால் ஒரு தடவை நனைத்துக் கட்டிக்கொண்டுதான் எல்லை தாண்டுவோம். கல்யாணப் பாத்திரத்தில்கூட ஒரு வேளை சோறு வடித்துக் கரி ஏற்றிவிடுவார்கள். என் அப்பாவுக்கு அது தெரியாததில்லை. ஊரில் முதல் முதலாகப் பட்டணத்துக் கல்லூரிக்குப் போகிற மகள் பழசைத் தூக்கிக்கொண்டு போவதா என்று மறுத்துவிட்டார். ஜவுளிக் கடைக்காரர் வீட்டு கௌரவம்.

அவள் பெட்டியைத் திறந்த அதிகாரி உடனே மூடிவிட்டார். தலையணையில் எண்ணெய்க் கறை, சோப்பு பிறை நிலா மாதிரித் தேய்ந்திருந்தது, தட்டின் விளிம்பில் எனாமல் பெயர்ந்திருந்தது. சோதனை முடிந்ததற்கு அடையாளமாகச் சுண்ணாம்புக் கட்டியால் பெட்டி மேல் ஒரு கோடு போட்டார். அடுத்தது என் பெட்டி. போர்வையில் மில் முத்திரை கலையவில்லை. தட்டின் நடுவில் காகிதச் சீட்டு ஒட்டியிருந்தது. மெத்தையில் ஆள் படுத்த சுருக்கம் ஒன்று இல்லை.

"இது கடைச் சரக்கு," என்றார் அதிகாரி.

"இல்ல சார், என் சொந்த உபயோகத்துக்கு," என்றேன்.

"உபயோகம் எங்கே இருக்கு? காட்டுங்க." பிறகு கொஞ்சம் இறங்கி, "பத்து மணிக்குப் பெரிய அதிகாரி வந்து மதிப்புப் போடுவார். அதுவரை சாமான் இங்கேதான். நீங்க வேணும்னா போகலாம்," என்றார்.

அவள் அப்பா என் தோளைத் தொட்டார். "சாமான் கெடக்கட்டும் பாப்பா. ஆள் அனுப்பி எடுத்துக்கலாம். ஏறுங்க ரெண்டு பேரும்."

"மெத்த இல்லாம போனா இவளச் சேர்த்துக்க மாட்டாங்க நைனா," என்றாள் அவள்.

"உனக்கு அஞ்சு மணிடி!"

"தெரியும்." அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "சார், வண்டி கெளம்ப எவ்ளோ நேரம் இருக்குது?"

"பத்து நிமிஷம்."

"அதுக்குள்ள உபயோகப்படுத்திட்டா?"

"என்ன?"

அவள் என் மெத்தையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துப் பிளாட்பாரத்துச் சரளைக் கல் மேல் விரித்தாள். "நான் ஒரு மாசமா பண்ணத நீ பத்து நிமிஷத்துல பண்ணணும். படு," என்றாள்.

படுத்தேன். நெற்றியில் எண்ணெய் இருந்தது, தலையணையில் நன்றாகத் தேய்த்துக்கொள்ளச் சொன்னாள். புரளச் சொன்னாள், புரண்டேன். அதற்குள் அவள் போர்வைகளைக் குழாயடியில் நனைத்துப் பிழிந்து, வாளியைக் கல்லில் மோதி ஒரு நெளிவு உண்டாக்கி, சோப்பைப் பிரித்து என் கையில் திணித்தாள். "மொகம், கை, காலு. நொர வரணும்." வண்டி ஜன்னல்கள் எல்லாம் தலைகளாக நிறைந்துவிட்டன.

"அடியே, தட்ட விட்டுட்டியே!" என்று ஒரு பெட்டியிலிருந்து கிழவி ஒருத்தி கத்தினாள். "இந்தா, இட்லி வெச்சு குடு!"

ஜன்னல் வழியாக மூன்று இட்லியும் மிளகாய்ப்பொடியும் என் எனாமல் தட்டில் விழுந்தன. மெத்தையில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டேன். முகத்தில் சோப்பு இருந்ததால் முதல் இட்லி என்ன ருசி என்று சொல்ல முடியாது.

"எழுந்திருங்கடி! ரயில்வே ஸ்டேஷன்டி இது! ஊரே பாக்குது!" என்று அவள் அப்பா பல்லைக் கடித்தார்.

"பாக்கட்டும் நைனா. சாட்சி," என்றாள்.

கார்டு பச்சைக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்ட மறந்து நின்றார். அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அவர் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. என் பெட்டி மேல் ஒன்றுக்கு இரண்டாகக் கோடு போட்டார். வண்டியில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஈரப் போர்வையும் சுருட்டாத மெத்தையுமாக எங்களை இழுத்து ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டது.

பத்து நிமிடம் என்றது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. விழுப்புரத்தில் நாங்கள் இறங்கியபோது சென்னை வண்டியின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வண்டிக்கு மூன்றரை மணி நேரம். அவள் அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டார். அவள் இன்னொரு பெஞ்சில் என் போர்வைகளை உலர்த்தினாள்.

"நான் பின்னாலயே வந்திருப்பேனே. ஏண்டி இப்டிப் பண்ண?" என்றேன்.

"உன்ன விட்டுட்டுப் போறதுக்கு ஒத்திகை பாக்கலயே," என்றாள். போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். தாளம் போட்ட கால் நின்றுவிட்டிருந்தது.

விடுதியின் வாசலில் குதிரை வண்டி நின்றபோது ஆறு மணிக்கு ஐந்து நிமிடம். சிவப்புச் செங்கல் கட்டடம், இரண்டு மாடி, நீளமான தாழ்வாரம். தாழ்வாரம் முழுக்கப் பெட்டிகள், படுக்கைச் சுருள்கள், வாளிகள், ஒருவரை ஒருவர் பெயர் கேட்டுக்கொண்டிருந்த பெண்கள். மலையாளம், தெலுங்கு, எனக்கு அர்த்தமாகாத ஒரு தமிழ்.  விடுதியைப் பார்த்துக்கொண்ட மேட்ரன் என் கடிதத்தைப் பார்த்துச் சாவி கொடுத்தார். அவள் கடிதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"மொத்தம் நாற்பது கட்டில். கடைசிக் கட்டிலை நாலரை மணிக்கு ஒரு பெண் வந்து எடுத்துக்கொண்டாள். வார்டன் வெளியூரில், திங்கட்கிழமைதான் வருவார். நீங்கள் ஊருக்குப் போய்க் கடிதம் எழுதுங்கள்."

நாலரை மணி என்று கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன்.

அவள் அப்பா கோபமாகப் பேசவில்லை. "கெளம்பு," என்றார். குனிந்து அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது.

அவள் பெட்டியைத் திறந்தாள். தட்டையும் டம்ளரையும் எடுத்தாள். நிமிர்ந்து நடந்து, தாழ்வாரத்தில் உருவாகிக்கொண்டிருந்த வரிசையில் போய் நின்றாள். அவளாக யோசித்துச் செய்த தந்திரம் என்று பிற்பாடு விடுதியில் கதை கட்டினார்கள். அவள் முகத்தை அப்போது பார்த்தவள் நான். அதில் ஒரு யோசனையும் இல்லை. கொல்லர் தெருச் சத்தத்துக்கு எழுந்து போனபோது இருந்த அதே முகம்.

நானும் ஓடிப் போய் நின்றேன். மற்றப் புதுப் பெண்கள் எங்கே உட்காருவது, யார் பரிமாறுவார்கள் என்று விழித்துக்கொண்டிருந்தபோது அவள் உட்கார்ந்து, சாப்பிட்டு, இருபது நிமிடத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் எழுந்து, தட்டைக் கழுவிப் பலகையில் கவிழ்த்துவிட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவளிடம், "அக்கா, வெந்நீர் என்னைக்குத் தருவாங்க?" என்று கேட்டாள்.

"சனிக்கிழம. ஏழு மணிக்கு முன்னாடி போயிடு," என்றாள்.

தட்டுகளை எண்ணிக்கொண்டு வந்த மேட்ரன் இரண்டாவது தடவை எண்ணினார். நாற்பத்தொன்று. "நீ எத்தனையாம் வருஷம்?" என்று அவளைக் கேட்டார். வாசல் கூட்டத்தில் பார்த்த முகம் அவருக்கு நினைவில் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. முகம் காது வரை சிவந்தது.

"நான் இன்னும் சேரவே இல்லீங்க," என்றாள்.

மேட்ரன் அவளையும் கவிழ்த்த தட்டையும் பார்த்தார். திங்கட்கிழமை வரை மாடித் தாழ்வாரத்தில் மெத்தை போட்டுக்கொள்ளலாம் என்றார். வாசலில் நின்ற அவள் அப்பாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "இனிமே இன்னிக்கு வண்டி இல்ல," என்றார் அவர். "சத்திரத்துல தங்கறேன். திங்கக்கெழம காலையில வருவேன். பெட்டியக் கட்டி வெச்சுக்கச் சொல்லு."

அந்த மூன்று நாட்களைப் போல அவளை நான் எப்போதும் பார்த்ததில்லை. வில்லியனூரில் பழகிப் பார்க்க முடியாத ஒன்று அங்கே இருந்தது, மின்சார விளக்கு. என் அறை விளக்கின் விசையை அழுத்தினாள். எரிந்தது. அழுத்தினாள், அணைந்தது. ஆறு தடவை. "இதுக்கு ஒத்திகையே கெடையாதுடி!" என்று கத்தினாள். பக்கத்து அறைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். குளியலறை வரிசைக்கு வாளிகளை இரவே வைத்துவிடலாம் என்று கண்டுபிடித்தது அவள். என் அறையின் இன்னொரு கட்டிலுக்கு உண்மையாகவே ஒரு திருநெல்வேலிப் பெண் வந்தாள். அந்தப் பெண் குறட்டை விடவில்லை என்று நான் சொன்னபோது என் தோழிக்கு நம்பிக்கை வரவில்லை.

சனிக்கிழமை மாலை மாடி முழுக்க அழுகை. ஒருத்தி ஆரம்பித்தாள், பத்துப் பேர் தொடர்ந்தார்கள், நானும்தான். அவள் தாழ்வாரத்தில் மெத்தை மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"உனக்கு வரலயா?" என்றாள் திருநெல்வேலிக்காரி மூக்கைச் சிந்தியபடி.

"நான் போன மாசமே அழுதுட்டேன். கால் மணி நேரம் ஆவும். கடிகாரம் பாத்து அழுவுங்க, அப்பறம் வாங்க, மொட்டமாடியிலேர்ந்து கப்பல் வெளக்கு தெரியுது."

கால் மணி நேரம் கழித்துப் பதினொரு பேர் அவள் பின்னால் மொட்டைமாடி ஏறினோம். கப்பல் விளக்குத் தெரிந்தது. பாதிப் பேர் அதற்கு முன் கப்பலே பார்த்ததில்லை. அந்தக் கூச்சலில் மேட்ரன் மேலே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு, சொன்னபடியே பெட்டியைக் கட்டி வைத்தாள். தட்டை மட்டும் வெளியே வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வார்டன் அறையில் நான்கு பேர். நாற்காலியில் வார்டன், ஐம்பது வயது, கண்ணாடி, நல்ல தமிழ். எதிரில் அவளும் அவள் அப்பாவும். கதவருகே நான். தாமதம் என்னால் ஆனது என்று சொல்ல வந்திருந்தேன், சொன்னேன். சுங்கக் கதையைக் கேட்டு வார்டனின் உதடு லேசாக அசைந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"தாமதம் பெரிதில்லை. கிராமத்திலிருந்து வருகிற பெண்கள் இரண்டு மாதத்தில் அழுதுகொண்டு ஊருக்கு ஓடிவிடுகிறார்கள். இடம் வீணாகிறது. போன வருடம் ஐந்து பேர். இவள் இருப்பாள் என்று நான் எதை வைத்து நம்புவது?"

அவள் வாயைத் திறந்தாள். இந்தக் கேள்விக்குத் தயாராக இங்கிலீஷில் ஒரு பதில் இருந்தது. நெல் அறை வாசலில் குறைந்தது முப்பது தடவை நான் அதைக் கேட்டிருக்கிறேன். அவள் அப்பா கையை நீட்டி அவளை நிறுத்தினார்.

அதோடு அவர் பேசாமல் இருந்திருந்தால் போதும், அவளுக்கு இடம் கிடைத்திருக்காது. மடுகரைக்குச் சரி சொல்ல வேண்டிய வேலை மட்டுமே மிச்சம்.

"நான் சொல்றங்க," என்றார். "ஒரு மாசம் இவ இருந்த விடுதிக்கு நான்தான் வார்டன்."

"எந்த விடுதி?"

"எங்க நெல் அறைங்க. உங்க புத்தகத்துல இருக்கற அத்தன விதியும் அங்க உண்டு. காலையில அஞ்சு மணிக்கு ஒரு நாள் தப்பல. சாப்பாட்டு மணிக்கு ஒரு நாள் தப்பல. ஒரே ஒரு தடவ வெளக்கு அணைச்சப்புறம் பேச்சுச் சத்தம் கேட்டுது. விசாரிச்சேன். நெல்லு மூட்டையோட பேசிக்கினு இருந்தா. கண்டிச்சேன். அதுக்கப்புறம் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "இவங்கம்மா ஜன்னல்ல முறுக்கு குடுத்தா. வாங்கல."

"வாங்கவில்லையா?"

"நான் பாத்தப்ப வாங்கலங்க."

வார்டன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் அப்பாவை நேராகப் பார்த்தார். "ஒரு மாதத்தில் எத்தனை தடவை வீட்டுக்குப் போனாள்?"

"ஒரு தடவகூட இல்லீங்க. முப்பதடி தூரம்."

அவள் தன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கண்ணீர் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

வார்டன் மேஜை மணியைத் தட்டி மேட்ரனை அழைத்தார். இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். பெரிய பதிவேடு வந்தது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டு ஆட்கள் ஓர் இரும்புக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். அதன் காலில் ஈரம் காயாத வெள்ளைப் பெயிண்டில் 41 என்று எழுதியிருந்தது.